காய்ச்சல் இல்லை, மூச்சு மட்டும் நின்று நின்று வருகிறது

கேள்வி: என் மகளுக்கு நிறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து 19 நாள் ஆகிறது. பாலை இழுத்துக் குடிக்கவில்லை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது என்று மருத்துவமனையில் சேர்த்தோம். உடம்பு சுடவே இல்லை. ஆனாலும் முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, மூளைக்காய்ச்சல் என்கிறார்கள். மூளையில் தொற்று வந்தால் மூச்சு ஏன் நிற்க வேண்டும்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதுகில் நீர் எடுத்தது சரியான முடிவு அம்மா. பச்சிளம் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்தே தீரும் என்பதில்லை. உடம்பு சில்லிட்டும் போகலாம். நிறைமாதக் குழந்தைக்குப் புதிதாக மூச்சு நிற்கிறது என்றாலே தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூச்சின் தாளத்தைப் போடுவது மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள ஒரு சின்ன நரம்புக் கூட்டம். அதை அடக்கக் கிருமியே அங்கே போக வேண்டியதில்லை. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் எலிக்குட்டிகளில் இதைக் காட்டினார்கள். உடலில் அழற்சி வந்தால் கூடும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம், மூளை ரத்தக்குழாயின் சுவரைத் தூண்டுகிறது. அங்கே உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள், முகுளத்து நரம்பணுக்களில் அதை வாங்கிக்கொள்ளும் இ.பி.3 என்ற ஏற்பியில் ஒட்டிக்கொண்டதும் மூச்சு மந்தமாகிறது. அந்த ஏற்பி இல்லாத குட்டிகளுக்கு மூச்சு அப்படி அடங்கவில்லை. காய்ச்சலை உண்டாக்குவதும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான்.

இன்னொரு காரணம் வலிப்பு. இந்த வயதில் கை கால் வெட்டாமல், கண் ஒரு பக்கம் நிலைகுத்தி, வாய் சப்பி, மூச்சு மட்டும் நிற்கலாம். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுப்பது அதற்காக. குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு நிற்காமல் இருக்கக் கொடுக்கும் காஃபின் சொட்டு மருந்து தொற்றைத் தீர்க்காது. பெரும்பாலும் கிருமியைப் பொறுத்து 2 முதல் 3 வாரம் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். குழந்தை தேறியது போலத் தெரிந்தாலும் பாதியில் வீட்டுக்கு அழைத்துப் போகக் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் பாருங்கள். 5 முதல் 10 நொடி நின்று, பிறகு வேகமாக விட்டால், உதடு சிவப்பாகவே இருந்தால், அது இயல்பு. 20 நொடி நின்றாலோ, அதற்குள்ளேயே உதடு நீலம் பாய்ந்து உடம்பு துவண்டாலோ ஆபத்து. உள்ளங்காலைச் சுண்டுங்கள், முதுகைத் தேய்த்துவிடுங்கள். உலுக்காதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள். மூச்சு திரும்பாவிட்டால் தோளுக்கடியில் மடித்த துணி வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும் ஊதுங்கள். பக்கத்தில் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சு திரும்பினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். பியோ மூச்சும் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சும் ஒன்றா?
- மாணவி, நாகர்கோவில்

பதில்: இல்லை. இரண்டுமே நோயாளிக்கு மூச்சு நின்று நின்று வரும் முறைகள்தான். ஆனால் செய்ன்-ஸ்டோக்ஸில் மூச்சு படிப்படியாக ஆழமாகி, படிப்படியாகக் குறைந்து, பிறகு நிற்கும். பியோவில் அந்த ஏற்ற இறக்கம் இருக்காது. திடீரென நிற்கும், எப்போது திரும்பும் என்று கணிக்க முடியாது. பிரான்ஸில் மருத்துவர் கமீல் பியோ 1876-இல் காசநோய் மூளைக்காய்ச்சல் நோயாளியிடம் கண்டு விவரித்தது இதைத்தான். கேஸ் ஷீட்டில் பெயரை மட்டும் எழுதி விடாதீர்கள். நிறுத்தம் எத்தனை நொடி, ஆழம் ஏறி இறங்கியதா என்றும் குறியுங்கள்.