கூப்பன் முதலா, பாயின்ட் முதலா?

கேள்வி: மாதச் சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில், 2,000 ரூபாய்க்கு வாங்கினால் 200 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் கொடுத்திருந்தார்கள். முன்பு வாங்கியதற்காக என் கணக்கில் 450 பாயின்ட் சேர்ந்திருந்தது; அங்கே ஒரு பாயின்டுக்கு ஒரு ரூபாய். 2,400 ரூபாய்க்குச் சாமான் எடுத்தேன். பில் போட்ட பெண் முதலில் பாயின்டைக் கழித்தார். அதன் பிறகு கூப்பனை நீட்டினால், கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்கிறார். பின்னால் நீண்ட வரிசை நின்றதால் 1,950 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாதா?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: உங்கள் கணக்கைப் பார்த்தால், சேர்க்கக் கூடாது என்பதால் கூப்பன் மறுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 2,400 ரூபாயில் 450 போனதும் பில் 1,950 ஆகிவிட்டது. கூப்பன் கேட்பதோ 2,000. ஐம்பது ரூபாய் குறைந்ததால் இருநூறு ரூபாய் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதன் அடிப்படை, அந்தக் கடையின் கணினி பாயின்டைத் தள்ளுபடியாக வைத்திருக்கிறதா, பணமாக வைத்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. தள்ளுபடியாக வைத்திருந்தால் பாயின்ட் கழிந்த பிறகு மிஞ்சும் தொகையையே கூப்பன் பார்க்கும். ரொக்கம், கார்டு போலப் பணம் செலுத்தும் வழியாக வைத்திருந்தால், பில் தொகை 2,400 என்றே நிற்கும், கூப்பன் தடையின்றி ஏறும், மீதம் 2,200 ரூபாயில் 450 பாயின்ட் போக 1,750 மட்டும் கொடுத்தால் போதும். உங்கள் பழைய பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மொத்தத் தொகைக்கு மேலே, மற்றத் தள்ளுபடிகளோடு பாயின்ட் அச்சாகியிருந்தால் முதல் வகை. மொத்தத்துக்குக் கீழே, ரொக்கம் இவ்வளவு, கார்டு இவ்வளவு என்ற வரிசையில் வந்திருந்தால் இரண்டாம் வகை. வரியும் ஒரு துப்புத் தரும்: விற்கும்போதே பில்லில் காட்டப்படும் தள்ளுபடியைக் கழித்த பிறகே ஜி.எஸ்.டி. கணக்கிடப்படுகிறது என்பதால், தள்ளுபடி வகைக் கடையில் வரித் தொகையும் சற்றுக் குறைந்திருக்கும்.

முதல் வகைக் கடை என்றாலும் வழி இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் எத்தனை பாயின்டைக் கழிப்பது என்பதை நாமே சொல்லலாம். நாம் வாய் திறக்காவிட்டால் முழுவதையும் கழித்துவிடுவார்கள். நீங்கள் 400 பாயின்டை மட்டும் கழிக்கச் சொல்லியிருந்தால் பில் 2,000 ரூபாயில் நின்றிருக்கும், கூப்பனும் சேர்ந்து 1,800 ரூபாய் மட்டும் கொடுத்துவிட்டு வெளியே வந்திருப்பீர்கள், மிச்சம் 50 பாயின்ட் அடுத்த மாதத்துக்கு இருந்திருக்கும். கூப்பனில் ‘2,000 ரூபாய்க்கு மேல்’ என்று அச்சிட்டிருந்தால் சரியாக 2,000 ரூபாயைச் சில கணினிகள் ஏற்பதில்லை. அதற்கு ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கூடையில் போட்டுக்கொள்வது சண்டை போடுவதை விட மலிவு.

சதவீதக் கூப்பனிலும் வரிசைதான் பணம். 3,000 ரூபாய்த் துணிக்கு 10 சதவீதக் கூப்பனும் 500 பாயின்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கூப்பன் முதலில் என்றால் 2,700 ஆகி, பாயின்ட் போக 2,200. பாயின்ட் முதலில் என்றால் 2,500 ஆகி, அதில் 10 சதவீதம் போக 2,250. ஆகவே கவுன்டரில் பாயின்ட் கார்டு எண்ணைச் சொல்வதற்கு முன்பே, கூப்பனை முதலில் போடுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

உண்மையிலேயே இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தால், கூப்பனைப் பயன்படுத்திவிட்டுப் பாயின்டை வைத்துக்கொள்வதே என் யோசனை. கூப்பனுக்குக் குறித்த தேதி நெருக்கத்தில் இருக்கும். பாயின்டுக்குப் பொதுவாகக் கூடுதல் ஆயுள் உண்டு. பாயின்ட் இந்த மாதமே காலாவதியாகிறது என்றால் மட்டும் கணக்கு மாறும்.

கேள்வி: பாயின்டுக்காகவே எல்லாச் சாமானையும் ஒரே கடையில் வாங்குகிறோம். இது லாபமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பாயின்டின் உண்மையான மதிப்பை முதலில் பாருங்கள். நூறு ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்டுக்கு ஒரு ரூபாய் என்றால் அது ஒரு சதவீதம். அதே பாயின்ட் 25 பைசா என்றால் 10,000 ரூபாய்க்கு வாங்கி 25 ரூபாய் பெறுகிறீர்கள். திருமங்கலத்தில் இருந்து மதுரைக்கு வந்துபோகும் பஸ் கட்டணத்துக்கே அது தேறாது. மதுரை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரிகளிடம் பாயின்டும் இல்லை, கூப்பனும் இல்லை. ஆனால் துவரம் பருப்பில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்தாலே நான்கு கிலோவில் இருபது ரூபாய் அன்றைக்கே கையில் நிற்கிறது. பருப்பு, அரிசி, எண்ணெய் ஆகியவற்றை விலை பார்த்து வாங்குங்கள். எங்கு வாங்கினாலும் அச்சிட்ட விலைக்கே வரும் சோப்பு, பற்பசை வகைகளைப் பாயின்ட் தரும் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் கூப்பன் போட்டு மூன்று துணி எடுத்தேன். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது, 600 ரூபாய்ச் சட்டைக்கு 540 ரூபாய்தான் தந்தார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: நீங்கள் இணைத்த பில்லில் துணிகள் 1,000, 600, 400 என்று மொத்தம் 2,000 ரூபாய், கூப்பன் 200. அந்த இருநூறு மூன்று துணிக்கும் விலைக்குத் தக்கபடி பிரிகிறது. சட்டையின் பங்கு 60 ரூபாய் என்பதால் நீங்கள் அதற்கு உண்மையில் கொடுத்தது 540தான். கடை செய்தது சரி. பாயின்டையும் அன்றைக்குக் கழித்திருந்தால், அதற்குரிய பங்கு பாயின்டாகவே கணக்கில் திரும்ப வேண்டும். வந்ததா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

துணி கிழிந்தோ சாயம் ஓடியோ இருந்திருந்தால் நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று கல்லாவுக்கு மேல் தொங்கும் பலகை இதற்குச் செல்லாது. கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். பில்லையும் கூப்பனையும் இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அச்சிட்ட மை சில மாதத்தில் மறைந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் பாயின்ட் கார்டு சென்னையில் இருக்கும் மகனின் எண்ணில் இருக்கிறது. பாயின்டைக் கழிக்க ஓ.டி.பி. அவனுக்குப் போகிறது, அவன் அலுவலகத்தில் போனை எடுப்பதில்லை. எண்ணே கொடுக்காமல் வாங்க முடியாதா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வாங்கலாம். பொருள் விற்பதற்குக் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. பாயின்ட் வேண்டும் என்றால் மட்டும் எண் தேவை. அடுத்த முறை கூட்டம் இல்லாத காலை நேரத்தில், மகன் போனை எடுக்கக்கூடிய ஒரு விடுமுறை நாளில் போய், கணக்கை உங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய எண்ணுக்கு ஒரு ஓ.டி.பி. கடைசியாகப் போகும்.