நீரோட்டம் நிற்கும் நேரத்தில் வலையைப் போடுங்கள்

கடல் ஏறி இறங்கும் ஆறுகளில் பொழுதுபோக்காக நண்டு பிடிக்கத் தொடங்கியிருப்பவர்களின் கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நடுவில் இரை கட்டிக் கயிற்றில் இறக்கித் தூக்கும் வட்ட வலை ஒன்று புதிதாக வாங்கினோம். முகத்துவாரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு படகுத்துறையில் காலை முழுவதும் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் விழவில்லை. மதியத்துக்கு மேல் வந்த ஒருவர் அதே இடத்தில் ஒரு மணி நேரத்தில் அரை வாளி பிடித்துவிட்டார். எங்கள் இரையில் கோளாறா?

பதில்: இரையில் இல்லை, நேரத்தில்தான் கோளாறு. நீரோட்டம் வேகமாக இருக்கும்போது பெரும்பாலான நண்டுகள் அதை எதிர்த்து அலைவதில்லை. சேற்றிலோ மணலிலோ உடம்பைப் புதைத்துக்கொண்டு இருந்துவிடும். ஏற்றம் (கடல்நீர் ஏறுவது) முடிந்து வற்றம் (அது இறங்குவது) தொடங்குவதற்கு முன்னால் நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அப்போதுதான் இரை தேடி வெளியே வரும். உங்களுக்குப் பிறகு வந்தவர் அந்த நேரம் பார்த்து வந்திருப்பார்.

பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று பார்த்த நேரம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றவற்ற அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் கடலோரத்துக்கோ முகத்துவாரத்துக்கோ போட்ட கணக்கு. ஆற்றுக்குள் போகப்போக ஏற்றம் தாமதமாகத்தான் வந்து சேரும். போதாததற்கு, நீர்மட்டம் ஏறி முடிந்த பிறகும் ஓட்டம் கொஞ்ச நேரம் உள்நோக்கியே போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே தண்ணீரையே பாருங்கள். மிதக்கும் ஒரு சருகைக் கவனியுங்கள். அது வேகம் குறைந்து நின்று, அப்புறம் எதிர்த்திசையில் நகரத் தொடங்கும். உங்கள் துறையில் அது எந்த நேரத்துக்கு நடக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். சில வாரங்களில் உங்கள் இடத்துக்கான அட்டவணை உங்கள் கையிலேயே இருக்கும்.

நீர் முழுதாக ஏறி நிற்கும் உயர் ஏற்ற நேரத்தைத்தான் நான் விரும்புவேன். நீர் ஏறும்போது கரையோரச் செடிவேர்களுக்குள் நண்டுகளும் மேயப் புகுந்துவிடும். நீர் நிற்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வலையை இறக்கிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் கடுமையாக இருக்கும், நீர் நிற்கும் நேரமும் சுருங்கிவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு அரைநிலா நாட்கள்தான் வசதி. ஏற்றவற்றம் மென்மையாக இருக்கும், வலையும் போட்ட இடத்திலேயே கிடக்கும்.

கேள்வி: அழுகிய மீனுக்குத்தான் நண்டு வரும் என்கிறார்களே, சரியா?

பதில்: நான் புது மீனின் தலையைத்தான் கட்டுகிறேன். எண்ணெய்ச் சத்துள்ள மீனாக இருந்தால் இன்னும் நல்லது. நண்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அந்த வாசனையை ஓட்டம்தான் சுமந்து போகிறது, அதனால் நண்டு பெரும்பாலும் ஓட்டம் போகும் பக்கத்திலிருந்துதான் ஏறி வரும். இரை வெளிறிப்போனால் வாசனை கரைந்துவிட்டது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். வலையின் நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். தளர்வாக இருந்தால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: வலையைத் தூக்கும்போது நண்டு விளிம்பு தாண்டி ஓடிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: வட்ட வலை அடியில் தட்டையாகக் கிடக்கும், தூக்கும்போதுதான் கூடையாகும். அதனால் முதலில் கயிற்றின் தொய்வை மட்டும் மெதுவாகச் சுருட்டுங்கள். கயிறு விறைத்ததும் நிறுத்தாமல் ஒரே இழுவையில் மேலே கொண்டுவாருங்கள். பாதியில் கை மாற்ற நின்றீர்கள் என்றால் நண்டு போய்விடும். 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கயிறு உயர் ஏற்றத்தின் ஆழத்தைவிட நீளமாக இருக்கட்டும். படகு போகும் தடத்தில் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 12 வயது. அப்பாவுடன் போகிறேன். நண்டைக் கையில் எப்படி எடுப்பது? கவ்விவிட்டால்?

பதில்: தம்பி, எப்போதும் பின்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். நீந்தும் நண்டுகளுக்குக் கடைசி ஜோடிக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அந்தக் கால் உடம்போடு சேரும் இடத்தில் மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல் வைத்துப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. பெரிய சேற்று நண்டை நீ தொடவே வேண்டாம், அதன் கொடுக்கு விரலை நசுக்கிவிடும். அப்பா நீளமான இடுக்கியால் எடுக்கட்டும். கவ்விவிட்டால் கையை உதறாதே, இழுக்காதே. இழுக்க இழுக்க இறுக்கும். கையோடு தண்ணீருக்குள் வை, பெரும்பாலும் தானே விட்டுவிடும். காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவு. சிவந்து வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல், உவர்நீரில் ஆபத்தான கிருமிகள் உண்டு.

கேள்வி: எவற்றைத் திருப்பி விட வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். உரிமம், பருவம், எண்ணிக்கை, அளவு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பகுதி விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வலையைத் தொடுங்கள். அளவுகோல் ஒன்று கையில் இருக்க வேண்டும், கண்மதிப்பு வேண்டாம். பெரும்பாலும் ஓட்டின் அகலத்தைத்தான் அளப்பார்கள். பக்க முட்களைச் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் விதியில் பாருங்கள்.

நண்டைக் கவிழ்த்துப் பாருங்கள். வயிற்று மடல் குறுகலாக இருந்தால் ஆண், அகன்று வளைந்திருந்தால் முதிர்ந்த பெண். அந்த மடலின் கீழ் பஞ்சுபோல முட்டைத் திரள் இருந்தால், விதி என்ன சொன்னாலும், அந்த நிமிடமே ஆற்றில் விட்டுவிடுங்கள். அந்தத் திரளில் லட்சக்கணக்கில் முட்டைகள் இருக்கும். முட்டை இல்லாத பெண் நண்டையும் நான் விட்டுவிடுவேன், விதி அனுமதித்தாலும். ஓட்டின் அடிப்பக்கத்தை அழுத்தினால் அமுங்குகிறதா? அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. உள்ளே சதை குறைவு, நீர்தான் அதிகம். அதுவும் போகட்டும். விடும்போது உயரத்திலிருந்து வீசாமல், குனிந்து தண்ணீரில் இறக்குங்கள்.

கேள்வி: வாளித் தண்ணீரில் போட்டு வைத்த நண்டுகள் வீடு சேர்வதற்குள் செத்துவிட்டன. சமைக்கலாமா?

பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். செத்த நண்டு மிக வேகமாகக் கெடும். வாளித் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோய்த்தான் செத்திருக்கும். செவுள் ஈரமாக இருந்தால் நண்டு காற்றிலேயே மூச்சுவிடும். ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வைத்தால் போதும்.

கேள்வி: மூடிய கூண்டை இரவு முழுவதும் போட்டுவிட்டு வரலாமா?

பதில்: அனுமதி இருந்தாலும் நான் போடமாட்டேன். கயிறு அறுந்து தொலைந்துபோன கூண்டு யாருக்கும் பயனின்றி நண்டுகளைப் பிடித்துக் கொன்றுகொண்டே கிடக்கும். உள்ளே சாகும் நண்டு அடுத்த நண்டுக்கு இரையாகும். கூண்டுதான் வேண்டுமென்றால், ஒரு பக்கக் கதவைப் பருத்தி நூலால் கட்டுங்கள். கூண்டு தொலைந்தாலும் நூல் மக்கி வழி திறந்துவிடும்.

கேள்வி: பெருமழைக்குப் பிறகு எங்கள் இடத்தில் நண்டே இல்லை. இடத்தை மாற்றலாமா?

பதில்: முகத்துவாரத்தின் பக்கம் நகர்ந்து பாருங்கள். மழைநீர் ஆற்றை நன்னீராக்கும்போது நண்டுகள் உப்பைத் தேடிக் கீழே இறங்கிவிடும். அங்கே சேற்றுத் திட்டு இருந்தால் வற்றத்தில் இறங்கி நடக்காதீர்கள், கால் புதைந்த பிறகு ஏற்றம் காத்திருக்காது. துணைக்கு ஒருவரோடு, மிதவை அங்கி போட்டுக்கொண்டு, கரையிலிருந்தே போடுங்கள். பழைய இடத்தில் நீர் மறுபடி கரித்தால், அங்கேயே வலையை இறக்கலாம்.