தீவனக் கலவை மூட்டைக்கு மூட்டை மாறுவது ஏன்?

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத் தீவனம் தயாரிக்கும் நீங்கள், கலவை இயந்திரத்தில் சீராக இருக்கும் தீவனம் தொட்டியிலிருந்து இறங்கும்போது முதல் மூட்டைகளில் தாது உப்புத் தூள் மிகுந்தும், கடைசி மூட்டைகளில் மக்காச்சோளக் குருணை மிகுந்தும் வருகிறது, இன்னும் அதிக நேரம் கலக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது பயன் தராது. கோளாறு கலப்பதில் இல்லை, கொட்டுவதில் இருக்கிறது.

மேலிருந்து கொட்டும்போது தொட்டிக்குள் குவியல் எழுந்து, அதன் சரிவில் மேற்படலம் மட்டும் ஓடுகிறது. ஓடும் படலத்தில் துகள்களுக்கிடையே இடைவெளிகள் திறந்து மூடிக்கொண்டே இருப்பதால், சிறிய தூள் அவற்றின் வழியே கீழிறங்கி நடுவிலேயே தங்கிவிடுகிறது; பெரிய குருணையோ மேலே தள்ளப்பட்டுச் சுவர் வரை உருண்டு போகிறது. சரிவில் ஓடும் துகள்களுக்கு இந்தச் சல்லடை இயக்கத்தைச் சாவேஜ், லுன் என்ற ஆய்வாளர்கள் 1988இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அடிச்சுவரின் சரிவு குறைந்த தொட்டியில் நடுப்பகுதிதான் முதலில் இறங்கும், சுவரோரம் கடைசியில் வரும். ஒரு வாளிக் கலவையைத் தரையில் மெல்லக் கொட்டி, குவியலை அட்டையால் பாதியாக வகுந்து பாருங்கள். நடுவில் தூளும் அடிவிளிம்பில் மஞ்சள் குருணையும் தனித்தனியே தெரியும்.

முதலில் குருணையை இன்னும் நைசாக அரைத்து அளவு வேறுபாட்டைக் குறையுங்கள். கலக்கும்போதே சிறிது மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) தெளித்தால் தூள் குருணையில் ஒட்டிக்கொள்ளும். குறைந்த செலவில் நிறைந்த பலன் தருவது இதுதான் என்பது என் கருத்து. ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாக நிரப்புவதும் உதவும். தொட்டியின் அடிச்சுவரையே இன்னும் செங்குத்தான சரிவாக மாற்றுவது செலவு மிக்கது. கலவையில் யூரியா சேர்ப்பதாக இருந்தால், இதைச் சரிசெய்யும் வரை தயவுசெய்து நிறுத்திவையுங்கள்; ஒரே மூட்டையில் அது குவிந்தால் மாட்டின் உயிருக்கே ஆபத்து.