‘ரீச்சர்’ தொடரைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கலாமா? லாஜிக் இல்லாத வெறும் அடிதடிதானா?

அடிதடிதான், தாராளமாகப் பார்க்கலாம். அடுத்து யார் சாவார், நாயகன் தப்பிப்பானா என்ற பதற்றம் தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. ஜெயிப்பான் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். எப்படி ஜெயிக்கிறான் என்பதில்தான் ருசி.

முதல் சீசன் 2022 பிப்ரவரியில் அமேசான் பிரைமில் வந்தது, 8 எபிசோட். லீ சைல்ட் 1997இல் எழுதிய ‘கில்லிங் ஃப்ளோர்’ நாவல்தான் கதை. ராணுவ போலீஸில் மேஜராக இருந்து விலகிய ஜாக் ரீச்சர், மாற்றுத்துணிகூட இல்லாமல் ஜார்ஜியா மாநிலத்தின் மார்கிரேவ் என்ற கற்பனை ஊரில் வந்து இறங்குகிறான். ஓட்டல் வாசலில் ஒருத்தன் தன் காதலியிடம் கத்திக்கொண்டிருக்கிறான். ரீச்சர் நின்று பார்க்கிறான், அவ்வளவுதான். கத்தியவன் மன்னிப்புக் கேட்டுவிடுகிறான். ரீச்சர் உள்ளே போய் பீச் பழ ‘பை’ பலகாரம் வாங்கி, வாயில் வைப்பதற்குள் போலீஸ் துப்பாக்கியோடு நுழைந்து கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்கிறது. இதுவரை அவன் வாயே திறக்கவில்லை. நம் படங்களில் ஓப்பனிங் பாட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பங்குகூட இல்லாமல் மாஸ் ஏற்றிவிட்டார்கள்.

ரீச்சராக நடிக்கும் ஆலன் ரிட்ச்சனின் உடம்பும் அதற்குப் பாதி காரணம். நாவலில் ரீச்சர் 6 அடி 5 அங்குலம். 2012, 2016 படங்களில் அவ்வளவு உயரமில்லாத டாம் குரூஸ் நடித்தபோது வாசகர்கள் முணுமுணுத்தது இதனால்தான். சண்டையைக் கவனித்தால் முழங்கையும் நெற்றியும் அதிகம் வேலை செய்வது தெரியும். அது ஸ்டைலுக்காக மட்டும் இல்லை. மண்டை ஓட்டில் முஷ்டியால் ஓங்கிக் குத்தினால் குத்தியவனின் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை எலும்புதான் முதலில் உடையும். முழங்கைக்கு அந்தப் பயம் குறைவு.

இனி லாஜிக். பெரிய ஓட்டை தற்செயல்தான். நாடு முழுக்கச் சுற்றுகிறவன், சரியாகத் தன் அண்ணன் கொலையான ஊரில் இறங்குகிறான். பிளைண்ட் பிளேக் என்ற ப்ளூஸ் பாடகர் அந்த ஊரில் இறந்ததாக அண்ணன் சொன்னாராம், அதனால் வந்தானாம். நிஜத்தில் பிளேக் 1934இல் மில்வாக்கியில் இறந்தார். இதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுங்கள், மீதி சுகமாக ஓடும்.

(இங்கிருந்து ஸ்பாய்லர். பார்க்காதவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.) வில்லன்களின் தொழில் கள்ளநோட்டு: 1 டாலர் நோட்டின் மையை வெளுத்துவிட்டு, அதே தாளில் 100 டாலர் அச்சடிப்பது. அமெரிக்க நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே தாள் (75% பருத்தி, 25% லினன்). அதனால் தடவிப் பார்த்தால் பிடிபடாது. கள்ளநோட்டைச் சோதிக்கக் கடைக்காரர் வைத்திருக்கும் அயோடின் பேனாவும் மாவுச்சத்து உள்ள தாளைத்தான் காட்டிக்கொடுக்கும், இதைக் காட்டாது. ஆனால் 1 டாலரில் பாதுகாப்பு இழையும் நீர்க்குறியும் கிடையாது. புற ஊதா விளக்கில் வைத்தால் அசல் 100 டாலரின் இழை இளஞ்சிவப்பாக ஒளிரும், இதில் ஒன்றும் தெரியாது. இன்னொன்று, ஒரு நோட்டு 1 கிராம். பத்து லட்சம் டாலர் அச்சடிக்க 10,000 ஒரு டாலர் நோட்டு, அதாவது 10 கிலோ, சேர்த்தாக வேண்டும். அத்தனை சில்லறையை யார் கண்ணிலும் படாமல் சேர்ப்பதுதான் நிஜமான தலைவலி. கதை இந்தச் சிக்கலைச் சும்மா விடவில்லை என்பதில் எனக்கு மரியாதை உண்டு.

சறுக்கும் இடம் பால்யகால ஃப்ளாஷ்பேக். வரும்போதெல்லாம் வேகம் செத்துவிடுகிறது. அதை ஈடுகட்டுவது ஃபின்லே: ஜார்ஜியா வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு அலையும், ஹார்வர்டில் படித்த டிடெக்டிவ். அந்த வேடத்தில் மால்கம் குட்வின் எரிச்சலோடு பேசும் ஒவ்வொரு வரிக்கும் சிரிப்பு வரும்.

இரண்டு எபிசோட் பாருங்கள். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் பிறகும் பிடிக்காது. இரண்டாவதில் ஒரு கொலைக்களம் மிகக் கோரம், குழந்தைகளோடு உட்கார வேண்டாம். சீசனுக்கு ஒரு தனிக்கதை என்பதால் முதல் சீசன் முடித்ததும் நேராக மூன்றாவதுக்கே போகலாம். இரண்டாவது சீசனில் கூட்டாளிகள் சூழ, துப்பாக்கிச் சத்தம்தான் கூடியிருக்கிறது. தனியாளாகத் திரியும் ரீச்சரைக் காணோம்.