கணக்கில் லாபம் இருக்கிறது, சனிக்கிழமை சம்பளத்துக்குக் காசு இல்லை

அண்ணாச்சி, வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறீர்கள், லாபம் தெரிகிறது, ஆனால் இரண்டு வாரமாகச் சம்பளம் தள்ளிப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

விற்பனையில் குறை இல்லை, நாள் கணக்கில்தான் சிக்கல். உளுந்துக்கு ரொக்கம் கொடுக்கிறீர்கள். மொத்தக் கடைக்காரரிடம் பணம் வர 60 நாள் ஆகிறது. வாரம் 50,000 ரூபாய்ச் சரக்கு என்றால் எட்டு வாரத்தில் 4 லட்சம் வெளியில் நிற்கும். ஆர்டர் கூடக் கூட இதுவும் கூடும். முதலில் வசூலுக்குப் போங்கள்.

பேட்டையில் என் பட்டறைக்கு இதே நிலை வந்தபோது, ஒரு நோட்டில் அடுத்த 13 வார வரவு செலவை எழுதினேன், சம்பளத்தை முதல் வரியில் வைத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்களுக்கு அப்பளம் காயாதே, அந்த வாரங்களை இப்போதே குறித்துவிடுங்கள்.

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இல்லாவிட்டால் இன்றே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தமே போட்டாலும் சரக்கு வாங்கியவர் பணம் தர 45 நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி அவர் தர வேண்டும். வழக்குப் போடச் சொல்லவில்லை. பில்லில் பதிவு எண்ணையும் கெடு தேதியையும் அச்சடியுங்கள், பேச்சு மாறும்.

அப்புறம், அப்பளம் இடும் அக்காமாரிடம் மறைக்காதீர்கள். வெள்ளிக்கிழமையே உட்கார்ந்து, “பாதி நாளைக்கு, மீதி புதன்கிழமை” என்று சொல்லுங்கள். புதன்கிழமை தவறாமல் கொடுத்துவிடுங்கள். நான் சொல்லாமல் இழுத்ததில், 11 வருஷம் கூட இருந்த லேத்காரர் போய்விட்டார். இன்னும் வலிக்கிறது.

நிலுவைத் தொகையையும் தேதியையும் இங்கே போடுங்கள், பெயர் வேண்டாம். யாரை முதலில் பார்ப்பது என்று சேர்ந்து யோசிப்போம்.