கேள்வி–பதில்: அரீனா பார்க் என்றொரு தொகுதி

கேள்வி: எங்கள் ஆயாவின் தகரப் பெட்டியில் 1984-ஆம் ஆண்டுத் தேர்தல் நோட்டீஸ் ஒன்று கிடைத்தது. அதில் 'அரீனா பார்க் தொகுதி' என்று போட்டிருக்கிறது. அரீனா பார்க் என்ற பகுதி இன்றும் இருக்கிறது. தொகுதி என்ன ஆயிற்று?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அது தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று பிரித்து வைத்த மூன்றாவது அவையின் தொகுதி. 1983-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் நாடாளுமன்றத்தை மூன்று அறைகளாக்கியது: வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45. கறுப்பின மக்களுக்கு ஓர் இடம்கூட இல்லை. இந்தியர் அவையின் 45 பேரில் நேரடியாக மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் 40 பேர். மீதி 5 பேர் நியமனத்தாலும் மறைமுகத் தேர்தலாலும் வந்தவர்கள். அந்த 40-இல் மாகாணவாரியாக நாட்டாலுக்கு 29, டிரான்ஸ்வாலுக்கு 8, கேப்புக்கு 3. ஃப்ரீ ஸ்டேட்டுக்குப் பூஜ்யம். 1891-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர் அங்கே குடியிருக்கவே முடியாது என்பதால் தொகுதி பிரிக்க ஆளே இல்லை.

அரீனா பார்க் அந்த 29-இல் ஒன்று; டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்குள் வரைந்த நகர்ப்புறத் தொகுதி. சாட்ஸ்வொர்த்தே, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பிள்ளை. 1964 முதல் கேட்டோ மேனர், சோம்ட்சு ரோடு மேகசின் பாரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களை யூனிட் யூனிட்டாக இங்கே இறக்கினார்கள். வீட்டுக்கு எண், யூனிட்டுக்கு எண், இருபது வருடம் கழித்து அதன்மேல் ஒரு தொகுதிப் பெயர். ஊரைப் பிரித்த சட்டமே தொகுதிக்கும் கோடு போட்டது என்பதை மறந்துவிட்டு இந்த வரைபடத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

1984 ஆகஸ்ட் 28 அன்று நடந்த தேர்தலில் அரீனா பார்க்கில் வென்றவர் அமிசந்த் ராஜ்பன்சி. அவருடைய தேசிய மக்கள் கட்சி 18 இடமும், ஜே. என். ரெட்டியின் சாலிடாரிட்டி கட்சி 17 இடமும் பிடித்தன. ராஜ்பன்சி இந்தியர் அவையின் அமைச்சர் குழுத் தலைவரானார். பின்னர் இந்தியர் அவையின் முறைகேடுகளை ஆராய்ந்த ஜேம்ஸ் விசாரணைக் குழு அவர்மேல் கடுமையான முடிவுகளைச் சொல்ல, அந்தப் பதவி போனது. 1989 செப்டம்பர் 6 தேர்தலில் சாலிடாரிட்டி முன்னுக்கு வந்தது. தலைமை ரெட்டியிடம் போனது. தொகுதிக்கு இந்த இரண்டு பொதுத்தேர்தல்கள்தான் கிடைத்தன. 1994-இல் அவையோடு சேர்ந்து அதுவும் மறைந்தது.

கேள்வி: 1984-இல் நம்மவர்கள் 20 சதவீதம்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று ஒருவர் சொல்கிறார். அதைவிடவும் குறைவு என்று இன்னொருவர். யார் சொல்வது சரி?
— வாசகர், மெரிபேங்க்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான், வகுக்கும் எண்தான் வேறு. பட்டியலில் பெயர் பதிந்தவர்களை வைத்து வகுத்தால் நாடு முழுக்க ஏறத்தாழ 20 சதவீதம் வரும். பதியாமலே ஒதுங்கி நின்றவர்கள் நிறையப் பேர். அவர்களையும் சேர்த்து, வாக்குரிமை வயது வந்த எல்லோரையும் வைத்து வகுத்தால் விகிதம் இன்னும் இறங்கும். இந்தத் தேர்தலையே புறக்கணிக்கச் சொன்ன இயக்கம் பலமாக இருந்த காலத்தில் பதியாமல் இருப்பதும் ஓர் அரசியல் நிலைப்பாடு. அதனால் இரண்டாவது கணக்கைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

ஒரு தொகுதியின் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடமும் இதுதான். வென்றவர் பெயர், கட்சி, வாக்கு வித்தியாசம், மூன்றையும் எழுதி முடித்துவிடுவார்கள். அரீனா பார்க் மாதிரித் தொகுதிக்கு நான்கு எண்கள் வேண்டும்: வயது வந்தோர், பதிந்தோர், வாக்களித்தோர், வென்றவர் வாங்கியது. கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 'மக்கள் பிரதிநிதி' எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்பது அப்போது தெரியும்.

இது திடீரென்று வந்த கோபமும் இல்லை. 1946-ஆம் ஆண்டு 'கெட்டோ சட்டம்' நிலம் வாங்கும் உரிமையைப் பறித்துவிட்டு, ஈடாக நாட்டால், டிரான்ஸ்வால் இந்தியர்களுக்கு நாடாளுமன்றத்தில் 3 இடம் தருவதாகச் சொன்னது. உட்காருபவர்கள் வெள்ளையராகத்தான் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை! நம்மவர்கள் அதைத் தொடவே இல்லை. டர்பனில் கேல் ஸ்ட்ரீட், உம்பிலோ ரோடு முனையில் கூடாரம் போட்டுச் சத்தியாகிரகம் செய்து சுமார் 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். அந்த இடங்கள் நிரப்பப்படாமலே 1948-இல் ரத்தாயின. 1981 நவம்பரில், அரசு அமைத்த ஆலோசனை அமைப்பான தென்னாப்பிரிக்க இந்தியக் கவுன்சிலின் தேர்தலில் வாக்களித்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். 1984-இல் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, புறக்கணிப்பை முன்னின்று நடத்திய நாட்டால் இந்தியக் காங்கிரஸ், ஐக்கிய ஜனநாயக முன்னணித் தலைவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். நீதிமன்றம் விடுவித்ததும் எம். ஜே. நாயுடு, பில்லி நாயர் உள்ளிட்ட 6 பேர் செப்டம்பர் 13 அன்று டர்பனிலுள்ள பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் போய்த் தஞ்சம் புகுந்தார்கள். அந்த வருடத்து வாக்குக் கணக்கைப் படிக்கும்போது இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இந்தியர் அவையின் உறுப்பினரால் என்னதான் செய்ய முடிந்தது?
— வாசகர், டோங்காட்

பதில்: 'சொந்த விவகாரம்' என்று ஒதுக்கிய கல்வி, வீட்டுவசதி, சமூகநலம் போன்றவற்றில் இந்தியர்களுக்கு மட்டும் முடிவெடுக்கலாம். பாதுகாப்பு, வெளியுறவு, போலீஸ் எல்லாம் 'பொது விவகாரம்'. எது எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பவர் குடியரசுத் தலைவர். அவைகளுக்குள் தகராறு வந்தால் 60 பேர் கொண்ட குடியரசுத் தலைவர் மன்றத்துக்குப் போகும். அதில் வெள்ளையர் அவை 20 பேரையும், கலப்பினத்தவர் அவை 10 பேரையும், இந்தியர் அவை 5 பேரையும் தேர்ந்தெடுக்கும்; மீதி 25 பேரைக் குடியரசுத் தலைவரே போடுவார். அவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் 50, 25, 13. இரண்டு சிறிய அவைகளும் கைகோத்தால்கூட 38 பேர்தான். பள்ளிக்கூடம், கவுன்சில் வீடு என்ற அளவில் உறுப்பினருக்குக் கொஞ்சம் கை ஓடியது. அதற்கு மேல் ஓடாதபடிக் கணக்குப் போட்டே கட்டியிருந்தார்கள்.

கேள்வி: என் பாட்டனாரின் தகப்பனார் 1890-களில் டர்பனில் கடை வைத்திருந்தார். அவருக்கு ஓட்டு இருந்ததாக வீட்டில் சொல்வார்கள். இருந்திருக்குமா? எங்கே தேடுவது?
— வாசகர், ரிசர்வாயர் ஹில்ஸ்

பதில்: இருந்திருக்கலாம். அன்று 'டர்பன் பரோ' (டர்பன் நகரம்) என்பது பிரிட்டிஷ் காலனியாக இருந்த நாட்டாலின் சட்டசபைத் தொகுதி. 50 பவுன் மதிப்புள்ள அசையாச் சொத்து, அல்லது வருடம் 10 பவுன் வாடகை கொடுக்கும் இடம் இருந்தால் ஆண்கள் பதியலாம். காந்தி 1895 டிசம்பரில் வெளியிட்ட பிரசுரத்தில் காலனி முழுவதும் இந்திய வாக்காளர் 251, ஐரோப்பியர் 9,309 என்று கணக்குத் தருகிறார். அந்த 251-ஐயும் பொறுக்க முடியாமல்தான் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆசியர் என்று பெயர் சொல்லியே தடுத்த முதல் மசோதாவை லண்டனிலிருந்த பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. 1896-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டம் சுற்றி வளைத்தது: நாடாளுமன்ற வாக்குரிமையை அடிப்படையாகக் கொண்ட தேர்தல் அமைப்பு இல்லாத நாடுகளின் மக்களும் அவர்களுடைய ஆண்வழி வாரிசுகளும் இனிப் பதிய முடியாது. ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்களை விட்டுவைத்தது. ஆகவே உங்கள் முன்னோர் 1896-க்கு முன்பே பதிந்திருந்தால் அதற்குப் பிறகும் ஓட்டுப் போட்டிருக்கலாம். அவருடைய மகனுக்கு அந்த வழி இல்லை.

தேடும்போது முதலில் நகராட்சிப் பட்டியலையும் நாடாளுமன்றப் பட்டியலையும் பிரித்துக்கொள்ளுங்கள். நகராட்சி வாக்குரிமை 1924 வரை நீடித்தது. 1910-இல் ஒருவர் 'ஓட்டுப் போட்டார்' என்றால் பெரும்பாலும் அது டர்பன் நகராட்சித் தேர்தலாக இருக்கும். குடும்பக் கதைகளில் இரண்டும் கலந்துபோவது சகஜம்.

அடுத்து, பெயரை நம்பாமல் முகவரியை நம்புங்கள். பட்டியல்கள் தொகுதிவாரியாக இருக்கும். கடை இருந்த தெரு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெயரை குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமி ஒரு தாளில் மூன்சாமி, இன்னொன்றில் முன்சாமி. அப்பா பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராகியிருக்கும். நாயுடு, பிள்ளை என்ற பட்டம் ஒரு தாளில் வரும், அடுத்ததில் காணாமல் போகும். ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பமென்றால் ஒப்பந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் எண் உண்டு. பெயர் மாறினாலும் அது மாறாது.

தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டர்பன் காப்பகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்து, ஒவ்வோர் எழுத்து வடிவத்தையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். அங்கே வருவது கோப்பின் தலைப்பு மட்டும். கோப்பை நேரில்தான் பார்க்க வேண்டும். 1984, 1989 தேர்தல் நோட்டீஸ், புறக்கணிப்புச் சுவரொட்டி வகைகளுக்கு குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுத்துலி ஆவண மையம்தான் முதலில் போக வேண்டிய இடம்.

கேள்வி: பழைய வரைபடத்தில் 'உம்லாசி' என்றும் ஒரு தொகுதி இருக்கிறதே, அது கறுப்பின மக்களுக்கான தொகுதியா?
— வாசகர், ஐசிபிங்கோ

பதில்: இல்லை, வெள்ளையருக்கானது! பெயர் மட்டும்தான் உம்லாசி. உம்லாசி டவுன்ஷிப்பில் குடியிருந்த ஒருவருக்கும் அங்கே ஓட்டு இல்லை. 1984-க்குப் பிந்தைய டர்பனில் ஒரே மண்ணின்மேல் மூன்று தொகுதி வரைபடங்கள் கிடந்தன, அவைக்கு ஒன்றாக. வரைபடத்தை எடுத்ததும் எந்த அவைக்குரியது என்று பாருங்கள்.

கேள்வி: இப்போது சாட்ஸ்வொர்த்துக்கு எம்.பி. யார்?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அப்படி ஒருவர் கிடையாது. 1994 ஏப்ரல் 27 முதல் தேசிய அவையின் 400 பேரும் விகிதாசார முறையில் வருகிறார்கள். 2024-இல் சுயேச்சைகளுக்கு இடம் கொடுத்தபோதும் பிரதேசம் என்பது மாகாணம்தான். நமக்குக் குவாசுலு-நாட்டால் முழுவதும் ஒரே பிரதேசம். 'தொகுதி அலுவலகம்' என்று பலகை பார்த்திருப்பீர்கள். கட்சி தன் உறுப்பினரை அந்த வட்டாரத்துக்கு ஒதுக்கியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஓய்வூதியம், குடியுரிமைத் தாள் சிக்கல்களுக்கு அங்கே போகலாம். தண்ணீர், குப்பை, தெருவிளக்கு என்றால் எத்தெக்வினி மாநகராட்சியின் வார்டு கவுன்சிலரிடம்தான் போக வேண்டும். போகும் முன் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஐ.டி. எண்ணைப் போட்டு வார்டு எண்ணைச் சரிபாருங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் எல்லைகளைத் திருத்துவதால், போன தடவை இருந்த எண்ணே இப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.