ஒரு சீசனில் 20 டச்டவுன் பாஸ்: பென்னி ஃப்ரீட்மன் செய்தது அவ்வளவு பெரிய காரியமா?

அமெரிக்கக் கால்பந்தில் இன்று ஒரே சீசனில் 40, 50 எறிகிறார்களே, 1929-இல் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்காக ஃப்ரீட்மன் எறிந்த 20-ஐ ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய காரியம்தான். (இந்த ஆட்டம் புதிதென்றால்: நான்கு முயற்சிகளுக்குள், அதாவது 'டவுன்'களுக்குள், 10 கெஜம் முன்னேற வேண்டும், பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். எதிரணிப் பக்கத்துக் கடைசிப் பகுதியான 'எண்ட் சோனு'க்குப் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன்; எறிந்த பந்தை அணித் தோழர் பிடித்து அப்படிச் சேர்த்தால் டச்டவுன் பாஸ்.)

முதலில் பந்தைப் பாருங்கள். இன்றைய பந்தின் நடுச்சுற்றளவு 21 அங்குலச் சொச்சம். அன்று 22-ஐத் தாண்டும். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் விரல்கள் சுற்றிப் பிடிக்காத பந்துக்குச் சுழற்சி கிடைக்காது, சுழலாத பந்து காற்றில் தள்ளாடிக் குறி தவறும். இதற்காகவே விரல்களை விரித்து வலுவாக்கிக்கொண்டவர் ஃப்ரீட்மன்.

விதிகளும் எறிபவருக்கு எதிராகவே இருந்தன. 1933 வரை, ஒவ்வொரு டவுனும் தொடங்கும் இடமான ஸ்க்ரிமேஜ் கோட்டுக்கு 5 கெஜம் பின்னால் நின்றுதான் எறிய வேண்டும். எண்ட் சோனில் யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் பந்தே எதிரணிக்குப் போய்விடும். எறிந்து முடித்தவரை மோதிச் சாய்த்தாலும் கேட்பாரில்லை. அதனால் வேறு வழியில்லாதபோது மூன்றாவது டவுனில்தான் மற்றவர்கள் எறிந்தார்கள். இவர் முதல் டவுனிலேயே எறிந்தார்! ஓட்டத்தை எதிர்பார்த்து எதிரணி முன்னால் குவிந்திருக்கும்; பின்னால் இடம் காலி. பின்வாங்கினால் பந்தோடு இவரே ஓடிவிடுவார். 1928-இல் ஓடி எடுத்த டச்டவுன், எறிந்த டச்டவுன் இரண்டிலும் தேசியக் கால்பந்து லீகில் (NFL) முதலிடம் இவருக்குத்தான்.

இந்தத் துணிச்சலுக்குக் கல்லூரிக் காலமே காரணம் என்பது என் கணிப்பு. ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 1905-இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். 1926-இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் கேப்டன். அப்போது பயிற்சியாளர் ஓரத்தில் நின்று யோசனை சொல்லக் கூடாது. அடுத்து என்ன ஆட்டம் என்பதைக் களத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அந்த ஆண்டு ஒஹாயோ ஸ்டேட்டை 17-16, மினசோட்டாவை 7-6 என்று ஒரே புள்ளியில் வென்றார்கள். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் பொறுப்பும் இவருடையதே.

இவர் ஒருவருக்காக ஜெயன்ட்ஸ் உரிமையாளர் டிம் மாரா, 1928-இல் இவர் ஆடிய டெட்ராய்ட் வுல்வரீன்ஸ் அணி முழுவதையும் விலைக்கு வாங்கினார். 1929-இல் ஜெயன்ட்ஸ் தோற்றது ஒரே ஆட்டத்தில்.

அந்த 20 பாஸ் சாதனை 1942 வரை நின்றது. லீக் அதிகாரபூர்வமாகக் கணக்கு வைக்கத் தொடங்கியது 1932-இல்தான்; ஃப்ரீட்மனின் எண்கள் பழைய செய்தித்தாள்களிலிருந்து திரட்டப்பட்டவை. தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2005-இல். அவர் இறந்தது 1982-இல்.